தோல் தானத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தீக்காயம் பட்டவர்களுக்கு ஆய்வகத்தில் வளர்த்த தோலை ஒட்டுவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அஞ்சல்தலை அளவுத் தோலிலிருந்து செல்களைப் பிரித்து, உடம்பையே மூடும் அளவுக்கு வளர்க்கிறார்களாம். 1975இல் அமெரிக்காவில் ரைன்வால்டு, கிரீன் என்ற இரு விஞ்ஞானிகள் கண்ட வழி இது. 1980களிலேயே உடம்பு முழுக்க வெந்துபோன இரு சிறுவர்களைப் பிழைக்க வைத்திருக்கிறது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் அந்தத் தோல் வளர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதுவரை வெந்த உடம்பை எதைக் கொண்டு மூடுவது? கட்டுரை அதைச் சொல்லவில்லை.

கவுந்தப்பாடிப் பக்கம் எங்கள் கரும்பாலைக் கொட்டகையில், கொப்பரையிலிருந்து பாகை இறக்கும்போது என் தங்கை மகன் கால் வழுக்கி விழுந்தான். கொதிநீர் என்றால் வழிந்தோடிவிடும். பாகு ஓடாது, ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். நெஞ்சு, வயிறு, இரண்டு கைகள் எல்லாம் வெந்துவிட்டன. அவன் தொடையில் எடுத்த தோலைக் கருவியில் விட்டு, வலைபோல் விரித்து ஒட்டினார்கள். அது போதாத இடத்தில், முகம் தெரியாத யாரோ ஒருவர் இறந்தபின் தந்த தோலை வைத்தார்கள். இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு அதைத் தள்ளிவிடும். ஆனாலும் அத்தனை நாளும் நீர் வடியாமல், கிருமி அண்டாமல் காத்தது அதுதான். அதை வைத்த பிறகு கட்டு மாற்றும்போது அவன் அலறுவதும் குறைந்தது.

சென்ற மார்கழியில் எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, இறந்தார். கண்ணைக் கொடுக்க ஒருவரும் மறுக்கவில்லை. தோல் என்றதும், "உரித்துவிட்டா அனுப்புவார்கள்?" என்று பங்காளிகள் எழுந்துவிட்டார்கள். தொடையிலும் முதுகிலும் வெங்காயச் சருகுபோல ஒரு மெல்லிய படலம் மட்டுமே எடுப்பார்கள், கட்டுப் போட்டுத் தருவார்கள், முகத்தைத் தொடமாட்டார்கள், இரத்த வகை பார்க்க வேண்டியதில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன். எல்லாரும் சரி என்றபோது ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும்.

கோவையிலேயே தோல் வங்கி இருக்கிறது. அடுத்த இதழில் அதன் தொலைபேசி எண்ணையும் இந்த ஆறு மணி நேரக் கணக்கையும் பெரிய எழுத்தில் போடுங்கள் ஐயா. துக்க வீட்டில் நான் வாயால் சொன்னதை நம்பாதவர்கள், அச்சில் இருந்திருந்தால் நம்பியிருப்பார்கள்.

— ஒரு வாசகி, கவுந்தப்பாடி