ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள்: வன்னிக் கராஜ்காரருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான கராஜ் முதலாளிமாருக்கும் பாஸ்மாருக்கும்,

ஏ9 வீதிக்குக் கார்பெட் போட்டபிறகு, ஆல்ட்டோ, விட்ஸ், வகன் ஆர் வைத்திருக்கும் தம்பிமார் "அண்ணை, கொஞ்சம் பதிச்சு விடுங்கோ" என்று, காரின் உயரத்தைக் குறைக்கக் கேட்டு வருவது புதினமில்லை. கேட்பதில் பிழையும் இல்லை. காசு குறைவென்றதும் நீங்கள் ஸ்பிரிங்கை வெட்டக் கிரைண்டரைத் தூக்குவதுதான் பிழை. கேஸ் நெருப்பில் வெட்டுவோரைப் பற்றிப் பேசவே வேண்டாம்; சூடேறிய இடத்தில் ஸ்பிரிங்கின் பதம் போய், பிறகு அது தொய்யும், இல்லையேல் முறியும்.

ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால், மிச்சம் 20 சதவீதம் இறுகிவிடும். பழைய சொக் அப்சோபரால் அந்த இறுக்கத்தை அடக்க முடியாது; கார் துள்ளும். அதைவிட மோசம், வெட்டிய முனை அதன் இருக்கையில் (ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில்) ஒழுங்காகக் குந்தாது. சில்லு பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து திரும்பும். பின்பக்கம் ஸ்பிரிங்கும் சொக்கும் தனித்தனியாக இருக்கும் கார்களில் அது கழன்று விழவும் கூடும்.

செலவைக் குறைத்துச் செய்ய வழி உண்டு. அந்த மாடலுக்கென்றே செய்த லோவரிங் ஸ்பிரிங் நாலு வாங்கச் சொல்லுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையது எடுத்தாலும் துருக்குழி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து எடுக்கட்டும். 25 முதல் 30 மி.மீ. இறக்கினால் போதும். அதற்குமேல் இறக்கினால் சொக்கும் மாற்ற வேண்டிவரும், பிறகு அது பட்ஜெட் வேலை இல்லை. ஒழுகும் சொக்கோடு வரும் காருக்கு முதலில் சொக்; மிச்சக் காசு இருந்தால் ஸ்பிரிங்.

கழற்றுமுன் காரைச் சமதரையில் விட்டு, ரயர் காற்றைச் சரிபார்த்து, சில்லு நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை நாலு மூலையும் அளந்து எழுதுங்கள். ஜக்கை மட்டும் நம்பாமல் ஸ்டான்ட் வையுங்கள். முன் ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் சொக்கும் சேர்ந்த தொகுதியை) கழற்றும்போது பிரேக் ஹோஸில் பாரம் தொங்கக்கூடாது. ஸ்பிரிங் கம்பிரசர் இரண்டையும் எதிரெதிரே பூட்டி, ஸ்பிரிங் இருக்கையைவிட்டுத் தளர்ந்த பிறகுதான் மேல் நட்டைக் கழற்ற வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் ஸ்பிரிங் முகத்தில் பாயும். பம்ப் ஸ்டொப்பரை (சொக் அடியில் முட்டாமல் காக்கும் ரப்பரை) கழற்றி எறியாதீர்கள். ஸ்பிரிங் செய்தவர் சொன்ன அளவுக்கு மட்டும் குறையுங்கள். பின் அச்சின் புஷ் (ரப்பர் உறை) போல்ட்டுகளை, கார் சில்லில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் புஷ் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். பூட்டி முடிந்ததும் காரைத் தூக்கிச் சில்லைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங்கைக் கையால் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் அந்தக் கார் வெளியே போகக்கூடாது.

எலைன்மென்ட் (சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்தல்) செய்யாமல் சாவி கொடுக்காதீர்கள். முன்பக்கம் தாழ்ந்தால் டோ (மேலிருந்து பார்க்கும்போது சில்லுகள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும், ரயரின் உள் ஓரம் தேய்ந்துபோகும். ஸ்பிரிங் சற்று அமர்ந்தபின், 500 கி.மீ. அளவில், மறுபடி பார்க்க வேண்டும். ஹெட்லைட்டையும் திருத்துங்கள், பின்பக்கம் மட்டும் தாழ்ந்த கார் இரவில் எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். சில வாகனங்களில் பின் பிரேக் அழுத்தத்தைச் சுமைக்கேற்ப மாற்றும் வால்வு உண்டு. உடல் தாழ்ந்ததைச் சுமை ஏறியதென்று அது எடுத்துக்கொண்டால், மழைநாளில் பின்சில்லு முதலில் பூட்டிக்கொள்ளும். மாடு குறுக்கே வரும் எங்கள் வீதிகளில் அதன் விலை என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

தம்பிமாரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: வீடு எங்கே? முத்தையன்கட்டுப் பக்கத்துக் கிரவல் ஒழுங்கை என்றால், மாரியில் அந்தச் சக்கரத்தடத்தில் எண்ணெய்ச் சம்ப் உரசும். நாலு பேரும் நெல் மூட்டையும் ஏறினால் ஸ்டொப்பரிலேயே ஓடும், ஸ்ட்ரட் மேல்மவுன்ட் உடையும். அப்படியானவருக்கு, காரின் உயரத்தைத் தொடாமல், பொருத்தமான ஓஃப்செட் ரிம் (சில்லு வெளிப்பக்கம் தள்ளி நிற்கும் ரிம்) மட்டும் போட்டு மட்காட்டை நிரப்பிக் காட்டுங்கள். பாதிப்பேருக்கு அதுவே போதும்.

பில்லில் பழைய உயரம், புதிய உயரம், ஸ்பிரிங் இலக்கம் மூன்றையும் எழுதுங்கள். கழற்றிய ஸ்பிரிங்குகளை இரும்புக்குப் போடாமல், இடம் வலம் குறித்துச் சொந்தக்காரர் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
சஸ்பென்ஷன் வேலை செய்வோர் சிலர்,
கிளிநொச்சி