ஆடிச் சிகிச்சைக்கு வரப்போகும் கமலாவுக்கு

கொழிஞ்சாம்பாறை, கேரளா

அன்புள்ள கமலா,

ஆடியில் இங்கே வைத்தியசாலைக்கு வந்து இடுப்பு வலிக்கு உழிச்சல், அதுதான் எண்ணெய் மசாஜ், எடுக்கப் போகிறாய் என்று லதா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். அதோடு அவள் இன்னொன்றும் சொன்னாள். பிரஷர் மாத்திரை சாப்பிடுவதையும், கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனதையும் வைத்தியரிடம் மூச்சு விடமாட்டாயாம், சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். ஏண்டி, ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் பயந்து காய்ச்சலை மறைத்த பழக்கம் இன்னுமா போகவில்லை? போனில் கேட்டால் சிரித்து மழுப்புவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கோபியின் பெண் சித்தூர் காலேஜில் சேர்ந்துவிட்டாள்.

சாந்தாக்காவுக்கு நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. கணுக்கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள் அல்லவா, கட்டைப் பிரித்த பிறகு கெண்டைக்காலில் ஒரே வலி. பிடிப்புதான், நன்றாக அழுத்தி உருவிவிட்டால் சரியாகிவிடும் என்று முறிவெண்ணெய் பாட்டிலைக் கையோடு வாங்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்தாள். நானும் கூடப் போனேன். வைத்தியர் இரண்டு கால்களையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். வலது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, லேசாகச் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. டேப் வைத்து இரண்டையும் அளந்தார். எத்தனை நாள் மாவுக்கட்டோடு கிடந்தாள், மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். “இந்தக் காலில் யாரும் கை வைக்கக்கூடாது, இன்றைக்கே பாலக்காடு போய் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள்” என்று சொல்லிவிட்டார். அக்காவுக்குக் கோபம். நானும் அவளைச் சமாதானம் செய்துதான் ஆட்டோவில் ஏற்றினேன்.

ஸ்கேனில் உள்ளே ஆழத்து ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாக நின்றது தெரிந்தது. அசையாமல் கிடக்கும் காலில் ரத்த ஓட்டம் மந்தப்பட்டு இப்படி ஆகுமாம். அதை அழுத்தித் தேய்த்தால் கட்டி பெயர்ந்து ரத்தத்தோடு ஏறி நுரையீரலை அடைத்துவிடக்கூடும், உயிருக்கே ஆபத்து. இப்போது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாள், நடக்கிறாள். அவளாக வீட்டில் யாரையாவது பிடித்துத் தேய்க்கச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

கேள்வி கேட்கிற இடம்தான் நல்ல இடம், கமலா. என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி, டவுனில் போர்டு மாட்டியிருந்த ஏதோ ஒரு மசாஜ் கடைக்குப் போனாள். ஒரு கேள்வி கிடையாது. நேராகப் படுக்க வைத்துக் கழுத்தைச் சொடுக்கிவிட்டார்கள். ரொம்ப நாள் தலை திருப்ப முடியாமல் கிடந்தாள். இங்கே முதல் நாள் பாதி நேரம் பேச்சுதான். பிரஷர், சர்க்கரை, இருதயம், ஆபரேஷன், தோல் அலர்ஜி, என்ன மாத்திரை என்று எல்லாம் கேட்பார்கள். பிரஷர் என்று சொன்னால் அதற்காக உழிச்சல் கிடையாது என்று ஆகிவிடாது. அளந்து பார்ப்பார்கள். கட்டுக்குள் இருந்தால் அழுத்தம் குறைத்துச் செய்வார்கள், ஆவிப்பெட்டியில் உட்கார வைக்காமல் விடுவார்கள். ஆபரேஷன் என்றால் வயிற்றில் அழுத்தமாட்டார்கள். அவ்வளவுதான். காய்ச்சலோ அஜீரணமோ இருந்தால் மட்டும் தேதியைத் தள்ளிவைப்பார்கள். மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்து வா.

இனி உன் வெட்கம். லதா அதையும் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே. பெண்களுக்குப் பெண்கள்தான் செய்வார்கள், இங்கே அது வழக்கம். உள்ளே போனதும் உடுத்திக்கொள்ள மெல்லிய துணி ஒன்று தருவார்கள். எதை அவிழ்க்க மனம் வரவில்லையோ அதைச் சொல்லிவிடு, யாரும் வற்புறுத்தமாட்டார்கள். தாலிக்கொடி, வளையல் எல்லாம் எண்ணெயில் ஊறும், வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தாலும் சரி.

அறையில் நீளமான மரப்பலகை இருக்கும், விளிம்பு உயர்த்தி, எண்ணெய் வடிய வழி வைத்துச் செதுக்கியது. முதலில் உட்கார வைத்து உச்சியில் எண்ணெய் வைப்பார்கள். தீபாவளியன்று உன் அம்மா நம் தலையில் அறைந்து தேய்ப்பாரே, அப்படி இருக்காது. எண்ணெய்க் கிண்ணம் வெந்நீரில் மிதந்துகொண்டே இருக்கும். எனக்கு உழிச்சல் செய்த சேச்சி (இங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒவ்வொரு முறையும் தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துவிட்டுத்தான் என் முதுகில் ஊற்றினார். அந்த ஒரு காரியத்திலேயே என் பயம் போய்விட்டது. சில சமயம் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று ஒரே தாளத்தில் கை ஓட்டுவார்கள். மல்லாக்க, ஒருக்களித்து, குப்புற என்று மாற்றி மாற்றிப் படுக்கச் சொல்வார்கள். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகும்.

அழுத்தம் அதிகம் என்றால் வாயைத் திற. இறுகிய இடத்தில் கை படும்போது ஒரு வலி வரும், மூச்சு விட்டால் இளகிவிடும். பல்லைக் கடிக்க வைக்கிற வலி வேறு. ஊசி குத்துவது போலவோ மரத்துப்போவது போலவோ இருந்தால் அந்த நிமிஷமே நிறுத்தச் சொல். பொறுத்துக்கொள்வதில் நீ பெரிய ஆள் என்பது ஊருக்கே தெரியும், அந்தப் பெருமையை அங்கே காட்டாதே. அவர்களுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். பேசாமல் கண்ணை மூடிக் கிடப்பதானாலும் கிடக்கலாம், தூங்கிவிட்டால் இன்னும் நல்லது.

எழும்போது மட்டும் மெதுவாக எழு. தலை கிறுகிறுக்கும், காலடியில் எண்ணெய் வழுக்கும். சேச்சி கை கொடுப்பார், பிடித்துக்கொள். அப்புறம் பயத்தமாவு தேய்த்து வெந்நீரில் குளியல், குளித்து முடித்ததும் சளி பிடிக்காமல் இருக்க உச்சியில் ராஸ்னாதிப் பொடி. மறுநாள் உடம்பு கொஞ்சம் அடித்துப்போட்டது போல இருக்கும், பயப்படாதே. குறையாமல் ஏறிக்கொண்டே போனால் வைத்தியரைக் கூப்பிடு.

ஒரே தடவையில் உன் இடுப்பு வலி ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. எத்தனை நாள் வேண்டும் என்று வைத்தியர் பார்த்துச் சொல்வார். கூடவே தையல் மெஷின் முன்னால் நீ உட்காரும் உட்காரலையும் மாற்றச் சொல்வார். அதையும் கேள்.

காலையில் இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடாதே, வயிறு நிறைய இருந்தால் படுக்கவிட மாட்டார்கள். பழைய நைட்டி ஒன்று எடுத்து வா, எண்ணெய்க் கறை போகாது. ஞாயிற்றுக்கிழமை வைத்தியர் இருக்கமாட்டார். பொள்ளாச்சியில் கோபாலபுரம் வழி பஸ் ஏறு, நான் ஸ்டாண்டில் நிற்கிறேன். ராத்திரி நம் வீட்டிலேயே தங்கிவிடு, அரிசிம்பருப்பு சாதம் வைக்கிறேன். சாந்தாக்காவும் உன்னைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த மஞ்சள் சேலை விவகாரம் என்ன ஆயிற்று என்று அவள்தான் முதலில் கேட்பாள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்.

உன்,
விஜி