‘டொமிசைல்’ என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வுக் காலம் வந்துவிட்டால், ஒருவரின் நிலையான குடியிருப்பைக் குறிக்கும் ‘டொமிசைல்’ என்ற ஆங்கிலச் சட்டச் சொல் நாளிதழ்களில் தினமும் அடிபடுகிறது. உங்கள் நாளிதழும் அதை ஒரு நாள் வசிப்பிடம் என்ற பொருளிலும், இன்னொரு நாள் பூர்வீகம் என்ற பொருளிலும் எழுதுகிறது. இதனால் அலைவது பெற்றோர்தான்.

எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று சூரத்தில் முறுக்குப் போட்டு விற்கிறது. மகன் பத்தாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தான். பொறியியல் கலந்தாய்வுக்கு, 8 முதல் 12ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களிடம் நேட்டிவிட்டி, அதாவது பூர்வீகச் சான்றிதழ் கேட்பதில்லை. இவனுக்கு அது வேண்டும். அவன் அம்மா ஆதாரில் ஊர் முகவரியை மாற்றி எடுத்துக்கொண்டு வந்து, “இதுதானே சார் டொமிசைல்? பேப்பர்ல போட்டிருந்துச்சே” என்றார். ஆதார் எண் தன்னளவில் குடியுரிமைக்கோ டொமிசைலுக்கோ சான்று ஆகாது என்று 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 9ஆவது பிரிவே சொல்கிறது. அப்புறம் அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், தாத்தா பெயரிலிருந்த பட்டா என்று பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியைக் கிளறி எடுத்தார்கள். பட்டாவின் மடிப்புகள் கிழிந்து, பெயர் மட்டும் தப்பியிருந்தது.

சட்டத்தில் டொமிசைல் என்பது வெறும் முகவரி அல்ல. ஓரிடத்தில் குடியிருக்க வேண்டும், அங்கேயே நிலையாக இருந்துவிடும் எண்ணமும் வேண்டும். பிறக்கும்போது பெரும்பாலும் தந்தை வழியாக வருவது, வேறொன்றைத் தேடிக்கொள்ளும் வரை நீடிக்கும். மேலூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் எத்தனை வருடம் வேலை பார்த்தாலும், ஊர் திரும்பும் எண்ணத்தோடு இருந்தால் அவருடைய டொமிசைல் இந்தியாதான். வருமான வரித் துறையின் 182 நாள் கணக்கு ஓர் ஆண்டில் இந்தியாவில் எத்தனை நாள் தங்கினார் என்பதைப் பற்றியது, அது வேறு.

இதில் முக்கியமானது ஒன்று உண்டு. இந்தியர்களுக்கு இந்தியா என்ற ஒரே டொமிசைல்தான், மாநிலத்துக்கு மாநிலம் தனி டொமிசைல் கிடையாது என்று பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984லேயே சொல்லிவிட்டது. முதுநிலை மருத்துவப் படிப்பில் வசிப்பிட அடிப்படையில் ஒதுக்கீடு கூடாது என்று 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்தபோதும் அதையே வலியுறுத்தியது. அப்படியிருக்க, ‘தமிழ்நாட்டு டொமிசைல்’ என்று தலைப்புப் போடுவது சரியா? விண்ணப்பத்தில் கேட்பது பூர்வீகமோ, வசிப்போ, இங்கே படித்த வருடங்களோதான்.

இனி கலந்தாய்வுச் செய்தி போடும்போது, எந்தப் படிப்புக்கு எந்தச் சான்றிதழ், எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை இங்கே படித்திருக்க வேண்டும் என்பதை ஒரு சிறு பெட்டிச் செய்தியாகச் சேர்த்து வெளியிடுங்கள். விண்ணப்பம் தொடங்கும் நாளுக்கு முன்பே அது வந்தால், வெளிமாநிலத்தில் பிழைக்கும் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் காகிதங்களைத் தேடி எடுக்க அவகாசம் கிடைக்கும்.

– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
செக்கானூரணி, மதுரை மாவட்டம்