காஞ்சனபுரியிலிருந்து திரும்பி

அன்புள்ள முத்து,

உனக்குப் பேத்தி பிறந்த செய்தி வந்தபோது நான் ஊரில் இல்லை. குழந்தைக்கு எங்கள் ஆசி. தாய்லாந்தில் காஞ்சனபுரிக்குப் போயிருந்தேன். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே மரண ரயில் பாதை போட்ட இடம்.

முதலில் போர்க் கல்லறைத் தோட்டம். ஜப்பானியரிடம் சிக்கி மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 6,982 பேர். ஆளுக்கொரு குட்டைக் கல், அதன்மேல் வெண்கலத் தகடு: பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. தோட்டக்காரர் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு தகட்டை ஈரத்துணியால் எழுத்தெழுத்தாகத் துடைத்துக்கொண்டிருந்தார். காலராவில் மாண்டு எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் இரண்டே குழிகளில் இருக்கிறது. அவர்களுடைய பெயர்களையும் ஒன்று விடாமல் பொறித்திருக்கிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். அந்தப் பிள்ளைகள்மீது எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

ஆனால் நம் ஆட்கள் எங்கே, முத்து? 1942, 43-இல் 415 கிலோமீட்டர் பாதைக்கு ஜப்பானியர் கொண்டுபோன ஆசியத் தொழிலாளர் இரண்டு லட்சத்துக்கும் மேல். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பெருங்கூட்டம். மாண்டவர்கள் 80,000 என்பார்கள், 90,000 என்பார்கள், அதற்கும் மேல் என்பார்கள். எழுதி வைத்திருந்தால் அல்லவா கணக்கு ஒன்றாக இருக்கும்!

என் பாட்டியின் அண்ணனை மூன்று மாத வேலை என்று சொல்லித்தான் லாரியில் ஏற்றினார்கள். அவர் மனைவி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. புருஷன் செத்தான் என்று யாரும் வந்து சொல்லவில்லையே, எப்படிக் கழற்றுவாள்? சிறுவயதில் அவள் மஞ்சள் தேய்த்துக் குளிப்பதைப் பார்த்திருக்கிறேன்; அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் வாட் தாவோன் வராராம் கோயிலுக்குப் போனேன். 2023-இல் நம்மவர்கள் அங்கே ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். எண்பது வருஷம் கழித்து ஒரு கல். அதன்முன் நின்று பாட்டியின் அண்ணன் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். தகப்பன் பெயரும் சேர்த்துச் சொல்ல நினைத்தேன், தெரியவில்லை. குடும்பத்தில் இனி கேட்கவும் ஆளில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன் தாத்தா அவர் வேலை பார்த்த அதே தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக, இருந்தவர். தொழிலாளர் பெயரும் வருகையும் எழுதும் பழைய செக்ரோல் புத்தகங்கள் தகரப்பெட்டியில் கிடப்பதாக நீ ஒருமுறை சொன்ன ஞாபகம். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, 1942-ஆம் வருஷத்துப் புத்தகம் இருக்கிறதா என்று பார். இருந்தால் எதையும் பிரிக்காதே, நானே வருகிறேன்.

அன்புடன்,
உன் தோழன்