வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும், ஸ்தோத்திரம்.

ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. என் சிறுநீரகம் ஒன்று என் வீட்டுக்காரர் உடம்பில் நன்றாக வேலை செய்கிறது. இனி வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் போன வாரம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாட்சி சொல்ல எழுந்தேன். அழுகையில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

பதினான்கு மாதம் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். பாளையங்கோட்டை வெயிலிலும் அவருக்கு அளந்த தண்ணீர்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து டீ வந்தபோது, அவர் தனக்கு அரை டம்ளர் போதும் என்று சொல்லி மற்றவர்கள் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் தட்டு வந்தது. எல்லா டம்ளரிலும் பாதிதான் இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதன் பிறகு யார் வீட்டில் கூடினாலும் அரை டம்ளர்தான். அன்று வீட்டுக்கு வந்து அவர் வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று பொதுவாக ஜெபித்து நீங்கள் முடித்துக்கொள்ளவில்லை. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்டு நோட்டில் எழுதினீர்கள். பெரியம்மாவுக்கு அந்தப் பெயர்கள் வாயில் நுழையாது. "ஆண்டவரே, அந்த நம்பரைக் குறைச்சுத் தாரும்" என்று கண்ணீரோடு கேட்பார்கள். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி, உறுப்பு கொடுக்க மனைவி நெருங்கிய உறவுதான், ஆனாலும் அதற்குக் காகிதம் காட்ட வேண்டும். எங்கள் கல்யாணப் பதிவின் நகலுக்காக நாசரேத் பக்கம் இரண்டு தடவை பஸ் ஏறிப் போனார் ஓர் அண்ணன். அதையும் நான் ஜெபம் என்றே எண்ணுகிறேன்.

நகை அடகு, வட்டிக் கடன் எல்லாவற்றையும் அந்த அறையில் சொன்னோம். ஒரு வார்த்தை வெளியே போகவில்லை. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர் சுற்றும் கதைகளை நானே கேட்டிருக்கிறேன். அதனால்தான் இதற்குத் தனியாக நன்றி சொல்கிறேன்.

இன்னொன்று. நடுவில் என்னால் ஜெபிக்கவே முடியாமல் போனது. வாயைத் திறந்தால் கோபம்தான் வந்தது. குழுவை நடத்தும் அக்காவிடம் சொன்னேன். அவர்கள் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. "சரி, உனக்காக நாங்க ஜெபிக்கோம். நீ இவங்களுக்காக ஜெபி" என்று ஐந்து பெயர்களை எழுதிக் கையில் தந்தார்கள். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்குப் பயந்த பையன், பிள்ளைக்காகக் காத்திருந்த தம்பதி, துபாயில் வேலை தேடிய ஒரு தம்பி... டயாலிசிஸ் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் நாள் அந்தப் பையன் பெயரை மட்டும்தான் சொல்ல முடிந்தது. மறுவாரம் இரண்டு பெயர். யோபு தன் சிநேகிதருக்காக வேண்டுதல் செய்ததைச் சின்ன வயதிலிருந்தே வாசித்திருக்கிறேன். தன் துக்கத்தின் நடுவில் அவன் அதை எப்படிச் செய்தான் என்பது அந்த நாற்காலியில்தான் புரிந்தது. உதவி வாங்குகிற இடத்திலேயே என்னை விட்டுவிடாமல், ஜெபிக்கிறவர்களில் ஒருத்தியாக வைத்துக்கொண்டீர்கள். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பக்கத்துப் படுக்கையில் டயாலிசிஸ் செய்துகொண்ட இளைஞனுக்காகவும் ஜெபித்தோம். அவர் பிழைக்கவில்லை. அந்தப் பக்கத்தை நீங்கள் திருப்பிவிடவில்லை. அவருடைய அம்மாவின் பெயர் இன்றும் நோட்டில் இருக்கிறது. நானும் தினமும் அந்தப் பெயரைச் சொல்கிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை ஜெபம் எங்கள் வீட்டில். அவரை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாருக்கும் முழு டம்ளர் டீ போட்டு வைக்கிறேன். அவசியம் வாருங்கள்.

உங்கள் அன்புத் தங்கை