நண்டு வளையைப் பார்க்க நேரம் கொடுங்கள்

டெல்டா கிராமங்களின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு உறுப்பினர்களாக இருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் வணக்கம்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கடைமடை ஊரில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். உங்களிடம் நேராகவே கேட்கிறேன். இந்த வகுப்புகளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது நோட்டில்லாமல் வெளியே போய்ப் பார்க்கவும் பேசவும் விடுங்கள். அந்த நேரத்துக்கு "என்ன எழுதுனீங்க?" என்று கணக்குக் கேட்காதீர்கள்.

சம்பா அறுப்பு முடிந்த மாசியில் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், வயல்ல தண்ணியே இல்லையே, நண்டெல்லாம் எங்க போயிருக்கும்?" நான் பதில் சொல்லவில்லை. "செத்துப் போயிருக்கும்" என்றான் ஒருவன். "ஆத்துக்குப் போயிருக்கும்" என்றான் இன்னொருவன். வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண்பிள்ளை மட்டும் "உள்ளதான் இருக்கு" என்று அழுத்திச் சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, பள்ளிக்குப் பின்னால் இருக்கும் வரப்புக்கே எங்களை அழைத்துப் போனாள். மண் வெடித்துக் கிடந்தது. ஆனால் வளை வாயில் இருந்த மண் உருண்டைகள் தொட்டால் சில்லென்று ஈரமாக இருந்தன. "ஈரத்தைத் தேடிக் கீழ தோண்டுது டீச்சர்!" என்றாள். வளைக்குள் கையை விடப் போனவனை, பாம்பு இருக்கும் என்று மற்றவர்களே பிடித்து இழுத்தார்கள். நண்டு செவுளால் மூச்சு விடுகிறது, செவுள் காய்ந்தால் அதனால் பிழைக்க முடியாது என்று பிறகுதான் சொன்னேன். அவர்கள் கேட்ட கேள்வி என்பதால் எல்லாப் பிள்ளைகளும் அசையாமல் கேட்டார்கள்.

"வயலைக் காட்டவா பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" என்று சில பெற்றோர் வருத்தப்பட்டார்கள். சேற்றில் நாம் பட்ட பாடு பிள்ளைக்கு வேண்டாம் என்ற தவிப்பு அது, எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தப் பெண் செய்ததைப் பாருங்கள். ஒன்றை யூகித்தாள், போய்ப் பார்த்தாள், சான்றைக் காட்டி மற்றவர்களை ஒப்புக்கொள்ள வைத்தாள். நாளை ஆய்வுக்கூடத்தில் செய்ய வேண்டியதும் இதேதான். வீட்டில் இப்படிப் பேசினால் "அதிகப்பிரசங்கி" என்று அடக்கிவிடுகிறோம். அது வேண்டாமே!

உங்கள் குழுவை உருவாக்கியது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று வைத்ததும் அதுதான். பிள்ளைகள் தாங்களே செய்தும் தேடிக் கண்டறிந்தும் கற்க வேண்டும், பயமில்லாமல் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும் என்று அதே சட்டத்தின் 29-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே நான் கேட்பது சலுகை அல்ல.

மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் கடைசியில்தான் வருகிறது. ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மதகைக் கவனிக்கும் லஸ்கரும் நடவு நடும் அம்மாக்களும் வந்து அவர்களோடு பேசினால் நன்றாக இருக்கும். தண்ணீர் ஓடும் நாளில் பிள்ளைகளைத் தனியாக அழைத்துப் போக முடியாது, கூடவே பெரியவர்கள் இருவர் வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போட்டு, முறை வைத்து வரக்கூடியவர்களின் பெயர்களையும் எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை