ஹாலோவீன் விழாவும் உண்டியல் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 31 நெருங்கும்போது, குடும்பத்தோடு கலந்துகொள்ளும்படி ஹாலோவீன் விழா நடத்தி, அதில் திரளும் பணத்தை ஏதேனும் ஒரு தொண்டுப் பணிக்கு அளிக்கும் முயற்சிகளைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறோம். பேய் வேடம் போட்டுக்கொண்டா தர்மத்துக்குக் கையேந்துவது என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். தொண்டின் பெயரால் நடப்பதெல்லாம் வியாபாரமே என்று ஒதுங்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். முதல் தரப்பினருக்கு வரலாறே பதில் சொல்லிவிடும்; இரண்டாம் தரப்பினரின் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டிய கடமையோ விழாக் குழுவினருடையது. அதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கிறிஸ்தவ நாட்காட்டியில் நவம்பர் 1 புனிதர் அனைவரின் பெருவிழா; அதற்கு முந்திய மாலையே ஹாலோவீன். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். இடைக்கால இங்கிலாந்தில் இந்நாட்களையொட்டி ஏழைகளும் சிறுவர்களும் வீடுவீடாகச் சென்று, அவ்வீட்டில் இறந்தோரின் ஆன்மாவுக்காக மன்றாடுவதாகச் சொல்லி, அதற்கென்றே சுடப்பட்ட அப்பங்களைப் பெற்றுச் சென்றார்கள். ஆகவே கேட்பதும் கொடுப்பதும் இந்த நாளுக்குப் புதியவை அல்ல. 1950-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில், ஹாலோவீன் மாலையில் வேடமிட்டு வீடுவீடாக மிட்டாய் கேட்டுச் செல்லும் பிள்ளைகளின் கையில் ஓர் உண்டியலையும் கொடுத்தனுப்பி, விழுந்த சில்லறையை ஐக்கிய நாடுகள் அவையின் குழந்தைகள் நிதியான யுனிசெஃப்புக்கு அனுப்பும் முயற்சி தொடங்கியது. நாளடைவில் அது நாடு முழுவதும் பரவிய இயக்கமாயிற்று.

அந்த உண்டியலின் வலிமை அதன் எளிமையில் இருந்தது: போட்ட காசு எங்கே போகிறது என்பது பெட்டியின் மேலேயே எழுதப்பட்டிருந்தது. இன்றைய விழா அறிவிப்புகள் பலவற்றில் காணப்படும் "வருமானத்தின் ஒரு பகுதி தொண்டுக்கு வழங்கப்படும்" என்ற வாசகத்தில் அந்தத் தெளிவு இல்லை. எந்தப் பகுதி? நுழைவுக் கட்டணத்திலா, உண்டியல் பணத்திலா, அரங்க வாடகையும் ஒலிபெருக்கிச் செலவும் கழித்து எஞ்சியதிலா? நூற்றுக்குப் பத்தும் ஒரு பகுதிதான், தொண்ணூறும் ஒரு பகுதிதான். செலவைக் கழிப்பதைத் தவறென்று யாரும் சொல்லமாட்டார்கள். கழிப்பதை முன்கூட்டியே சொல்லாமல் இருப்பதுதான் தவறு. செலவு முழுவதையும் புரவலர்கள் ஏற்றுக்கொண்டு, மக்கள் தரும் பணத்தை அப்படியே தொண்டு நிறுவனத்துக்குச் சேர்ப்பது சிறந்த ஏற்பாடு. அது இயலாவிட்டால், நுழைவுச்சீட்டுப் பணம் செலவுக்கு, உண்டியல் பணம் தொண்டுக்கு என்று இரண்டையும் வெளிப்படையாகப் பிரித்துவிடலாம். எந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பணம் திரட்டுகிறார்களோ, அந்த நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் கையில் இருக்க வேண்டும். உண்டியல்கள் சீல் வைக்கப்பட்டு, ஒருவருக்கொருவர் உறவல்லாத இருவர் முன்னிலையில் திறந்து எண்ணப்பட வேண்டும். குலுக்கல் பரிசு நடத்துவதற்குப் பல நாடுகளில் சட்டக் கட்டுப்பாடுகள் உள்ளன என்பதை ஆர்வ மிகுதியில் மறந்துவிடுகிறோம். விழா நஷ்டத்தில் முடிந்திருந்தால் அதையும் சொல்லிவிடுவது நல்லது. மௌனம் காத்தால் அடுத்த ஆண்டு உண்டியலே நிரம்பாது.

பணத்தை நம்பிக் கொடுக்கும் அதே பெற்றோர்தான் பிள்ளைகளையும் நம்பி அழைத்து வருகிறார்கள். "குடும்ப விழா" என்று அச்சிட்டுவிட்டு, நான்கு வயதுக் குழந்தை அலறும்படி இருட்டறையில் பூச்சாண்டி காட்டுவது எந்த வகையில் சேர்த்தி? பேய் வீடு வேண்டுமென்றால் அதற்குத் தனி வாசலும் வயது வரம்பும் வைக்கட்டும். தொடக்கத்தின் ஒரு மணி நேரத்தை, உரத்த சத்தமும் மின்னும் விளக்குகளும் இன்றி, சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் ஒதுக்கினால் இன்னும் பல குடும்பங்கள் தயக்கமின்றி வரும். உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்காக, மிட்டாய்க்குப் பதில் சிறு பொம்மையோ பென்சிலோ கொடுக்கும் இடத்தில் ஹாலோவீன் அலங்காரமான பூசணியைப் பச்சை கலந்த நீல நிறத்தில் வைக்கும் வழக்கம் 2014 முதல் அமெரிக்காவில் பரவியது. அதிகச் செலவில்லாத நல்ல ஏற்பாடு அது.

பாதுகாப்பு பற்றிப் பேசும்போது நாம் தவறான இடத்தில் அஞ்சுகிறோம் என்றே தோன்றுகிறது. முன்பின் தெரியாதவர்கள் மிட்டாயில் நஞ்சு கலப்பார்கள் என்ற வதந்தி ஆண்டுதோறும் உலவுகிறது. 1958 முதலான செய்திகளைத் துருவி ஆராய்ந்த சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், அவ்வாறு அந்நியர் கொடுத்த மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதிப்பட்ட நிகழ்வு எதையும் காணவில்லை. மாறாக, அமெரிக்காவின் 42 ஆண்டு விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் மற்ற மாலைகளைவிட 43 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. பிள்ளைகளை இருட்டில் தெருத்தெருவாக அனுப்புவதைவிட ஒரே வளாகத்துக்குள் விழா எடுப்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. கண்ணை மறைக்கும் முகமூடிக்குப் பதில் முகச்சாயமும், குடைந்த பூசணிக்குள் மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கும் போதும்.

வேடங்களைப் பற்றியும் ஒரு சொல். 2013-இல் பிரிட்டனில் இரண்டு பெரிய பல்பொருள் அங்காடிகள், மனநோயாளியைக் கொலைகாரனாகச் சித்திரித்த ஹாலோவீன் உடைகளை எதிர்ப்பு எழுந்ததும் விற்பனையிலிருந்து விலக்கி, மன்னிப்புக் கேட்டன. மருத்துவமனைக்கோ நோயாளர் நலனுக்கோ நிதி திரட்டும் விழாவில், இரத்தம் தோய்ந்த கட்டுகளோடு நோயாளி வேடத்தில் ஒருவர் சுற்றிவந்தால், யாருக்காகப் பணம் கேட்கிறோமோ அவர்களையே கேலிப்பொருளாக்குவதாகும். மாறுவேடப் போட்டியின் விதிகளில் ஒரு வரி சேர்த்தால் இதைத் தவிர்த்துவிடலாம்.

நிறைவாகத் தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய விழாக்களின் அறிவிப்புகளை இலவசமாக வெளியிட்டு உதவுகிறீர்கள். அவ்வாறு வெளியிடும்போதே, விழா முடிந்த ஒரு மாதத்துக்குள் வரவு, செலவு, தொண்டு நிறுவனம் பெற்றுக்கொண்ட தொகை ஆகிய மூன்றையும் அனுப்பிவைக்க வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் நிபந்தனை விதித்து, வந்த கணக்கை, அறிவிப்பு வெளியான அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்